கொப்புளிப்பான் வந்தால்: வேப்பிலையா, ஆஸ்பத்திரியா?

தோட்டத்து லயத்தில் பிள்ளைக்கு அம்மாள், அதாவது கொப்புளிப்பான் (சின்னம்மை), போட்டுவிட்டால் வீட்டில் இரண்டு கட்சி. அப்பாயி மாரியம்மனுக்கு நேர்ந்துகொள்வார். படித்த மகன் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்வான்.

செலவு: கோயிலுக்கு மஞ்சள், கற்பூரம்.
அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம். டிக்கோயாவுக்கோ நுவரெலியாவுக்கோ பஸ் காசும் ஒரு நாள் பேரும் (நாட்சம்பளமும்) போகும்.

தொற்று: வாசலில் வேப்பிலை தொங்கினால் யாரும் உள்ளே வரமாட்டார்கள்.
விஞ்ஞானமும் கிட்டத்தட்ட அதையே சொல்கிறது: கொப்புளங்கள் எல்லாம் பொருக்குத் தட்டும்வரை தள்ளி இருங்கள். ஆனால் கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே வைரஸ் பரவத் தொடங்கிவிடும். ஒற்றைக் காம்பிராவில் (அறையில்) வேப்பிலை கட்டுமுன் அது தம்பிக்கும் போயிருக்கும்.

குணம்: ஆரோக்கியமான பிள்ளைக்கு ஒன்றிரண்டு வாரத்தில் தானாகவே ஆறும். பெயர் அம்மனுக்குப் போகும். சரி, போகட்டும்.

பயந்த பிள்ளைக்கும் விழித்திருக்கும் தாய்க்கும் அப்பாயியின் வேப்பிலை ஆறுதல்தான், நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் கர்ப்பிணி, கைக்குழந்தை, வளர்ந்தவர், மூச்சு வாங்குபவர் என்றால் நேரே ஆஸ்பத்திரி. வைரஸ் எதிர்ப்பு மருந்தை கொப்புளம் தெரிந்த முதல் 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். காய்ச்சலுக்குப் பிள்ளைக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கொடுக்காதீர்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றுவதை அப்புறம் ஆறுதலாகச் செய்யலாம்.