6,800 ரூபாய் கொடுத்து அப்பாவை ஐசியூவில் சேர்த்தேன்

ஊட்டியிலிருந்து குன்னூர் வரும் வழியில் தைலமும் வர்க்கியும் விற்கிற கடைகளில் ஒன்று. பெயர் வேண்டாம். அப்பா இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறார், வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அப்பாவுக்கு இதயம் பலவீனம். கால் வீக்கத்துக்கு நீர் மாத்திரை, கூடவே இதயத்துக்கு தினம் அரை டிகாக்சின் மாத்திரை. இரண்டு வாரம் முன்பு செக்கப் முடிந்து திரும்பும்போது தைலம் வாங்க இறங்கினோம். கடைக்காரர் மருந்துச் சீட்டை வாங்கிப் பார்த்தார். "ஐயா, இந்த டிகாக்சின் மாத்திரையே ஒரு இலையிலிருந்துதான் எடுக்கிறாங்க. நான் அந்த இலையையே தர்றேன்." அங்கேயே போனில் தேடினேன். டிஜிடாலிஸ் என்ற செடியின் இலையிலிருந்துதான் எடுக்கிறார்கள், உண்மைதான்! அதில்தான் விழுந்தேன். முழுப் பொய்யாக இருந்தால் எழுந்து வந்திருப்பேன்.

மருதம்பட்டைப் பொடி ஒரு டப்பா, இலைத்தூள் ஒரு பாட்டில், 6,800 ரூபாய். பழைய ஜாம் பாட்டில். லேபிளைச் சுரண்டிய பிசின் விரலில் ஒட்டியது. அப்போதாவது உறைத்திருக்க வேண்டாமா? மாத்திரையோடு காலை ஒரு ஸ்பூனாம்.

ஐந்தாம் நாள் வாந்தி. போன் செய்தால், "கழிவு வெளியேறுதுக்கா, அப்படித்தான் இருக்கும்." ஏழாம் நாள் காலையில் அப்பா, "சுவருக்கு யாரும்மா மஞ்சள் அடிச்சது?" என்றார். வெள்ளைச் சுவர். நாடி 42.

ரத்தத்தில் டிகாக்சின் அளவு எகிறிக் கிடந்தது. டாக்டர் திட்டித் தீர்த்துவிட்டார். ஒரு முழு மாத்திரையிலேயே மருந்து 0.25 மில்லிகிராம்தான், இலையில் செடிக்குச் செடி வீரியம் மாறும், அதைப் போய் ஸ்பூனில் அளப்பதா என்றார். நீர் மாத்திரையால் பொட்டாசியம் வேறு குறைந்திருந்தது, அது விஷத்தை இன்னும் ஏற்றிவிடுமாம். 1785இல் இந்த இலையைப் பற்றி எழுதிய விதரிங் என்ற ஆங்கில மருத்துவரே, அளவு மீறினால் வாந்தி வரும், பார்ப்பதெல்லாம் மஞ்சளும் பச்சையுமாகத் தெரியும், நாடி 35 வரை இறங்கும் என்று எழுதி வைத்திருக்கிறார். நான் அன்று போனில் இரண்டு வரியோடு நிறுத்திவிட்டேன்.

தம்பி கடைக்குப் போனான். "பில் இருக்கா?" துண்டுச்சீட்டில் 'மூலிகை 6800' என்று மட்டும் இருக்கிறது. "வயசானவர், எதனாலயும் வந்திருக்கலாம்." மறுநாள், முதலாளி மேட்டுப்பாளையம் போயிருக்கிறாராம். இப்போது போனையே எடுப்பதில்லை. 6,800 ரூபாய் போனது போனதுதான்.

என்ன செய்யணும் என்று விவரமாக எழுத நினைத்தேன், நர்ஸ் கூப்பிடுகிறார். லேபிள் இல்லாத பாட்டிலை வாங்காதீர்கள். டிகாக்சின் சாப்பிடுகிறவருக்கு டாக்டரைக் கேட்காமல் எந்தப் பொடியும் வேண்டாம். வாந்தியோ மஞ்சள் பார்வையோ வந்தால் கடைக்குப் போன் செய்துகொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், மிச்சத் தூளையும் எடுத்துக்கொண்டு.