ரமோன்ஸ் கேட்க எங்கே தொடங்கலாம்: முதல் ஆல்பமா, லண்டன் நேரடிப் பதிவா?

பங்க் ராக்கின் முன்னோடிகளான நியூயார்க்கின் ரமோன்ஸைக் கேட்கத் தொடங்குபவர்கள் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தடுமாறுகிறார்கள்.

நேரம்:
முதல் ஆல்பம் (1976): 14 பாட்டு, அரை மணி நேரம்கூட இல்லை.
லண்டன் நேரடிப் பதிவான இட்ஸ் அலைவ்: 28 பாட்டு, ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. 1977 டிசம்பர் 31 அன்று ரெயின்போ தியேட்டரில் பதிவானது, வெளிவந்தது 1979இல்.

ஒலி:
முதல் ஆல்பத்துக்கு ஆன செலவு சுமார் 6,400 டாலர்தான். ஆனால் கிட்டாரை வலப்பக்கமும் பேஸ் கிட்டாரை இடப்பக்கமும் பிரித்து வைத்திருப்பதால், ஹெட்போனில் வலப்பக்கத்தை மட்டும் கேட்டால் கிட்டாரிஸ்ட் ஜானி ரமோன் கையை மேலிருந்து கீழாகவே அடித்துக்கொண்டு போவது அவ்வளவு தெளிவாகப் பிடிபடும், கிட்டார் பழகுபவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.
நேரடிப் பதிவில் அந்தப் பிரிவு முக்கியமில்லை, வேகம்தான் எல்லாம். ஒரு பாட்டு முடிந்த சூட்டிலேயே பேஸ் கிட்டார் வாசிக்கும் டீ டீ ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று கத்த, அடுத்தது பாய்ந்துவிடும்.

வாசிக்கப் பழகுபவர்கள் முதல் ஆல்பத்தை எடுங்கள். 1996 வரை 2,200க்கும் மேற்பட்ட மேடைகள் ஏறிய குழுவுக்கு ஏன் இத்தனை மரியாதை என்று தெரிய வேண்டுமா, நேரடிப் பதிவுதான். டிரம்மர் டாமி 1978இல் விலகிவிட்டார், அவரோடு சேர்ந்த அந்த நால்வரின் உச்சம் இதில்தான் இருக்கிறது. எனக்கு இதுவே ஒரு படி மேல்.