போப்பரிங்கவில் பீர் டூர் புக் பண்ணி 190 யூரோ போன கதை. இந்தப் பக்கம் வருகிறவர்கள் படித்துவிட்டு வாருங்கள்

190 யூரோ. தொகையை முதலில் சொல்லிவிடுகிறேன், இரண்டு நாளாக மனசுக்குள் ஓடுவது அதுதான். நம்ம காசுக்குப் பதினேழாயிரத்துக்குக் குறையாது. எங்கள் ஷெட்டில் மாசம் பூரா நைட் ஷிப்ட் பார்க்கிற பையன் கையில் வாங்குகிற காசு. நான் மூன்று மணி நேரத்தில் தொலைத்தேன்.

பெல்ஜியத்தில் ஈப்பர் என்கிற ஊருக்குத் தறிப் பயிற்சிக்கு வந்திருக்கிறோம், நானும் எங்கள் மில் எலெக்ட்ரீஷியன் தம்பியும். பல்லடம், சோமனூர்ப் பக்கம் பிக்கனால் தறி ஓட்டுகிறவர்களுக்கு ஊர்ப்பேர் பழக்கம்தான். அந்தத் தறி பிறந்த ஊர் இது. சனிக்கிழமை லீவு. இங்கிருந்து பத்து நிமிஷ ரயிலில் போப்பரிங்க, அதோடு தண்டவாளமே முடிந்துவிடும். பீருக்குக் கசப்பும் வாசமும் தருகிற ஹாப் கொடியை வைத்தே பிழைக்கிற சின்ன ஊர். ஹாப்புக்கென்று மியூசியமே வைத்திருக்கிறார்கள், மூன்று வருஷத்துக்கு ஒருமுறை திருவிழாவும் உண்டு.

ஊர் சுற்றிக் காட்ட உள்ளூர் ஆட்களைக் கோத்துவிடுகிற ஆப் ஒன்றில் இந்த டூரைப் பார்த்தேன். பேர் போடவில்லை, அந்த வகை ஆப் எது என்றாலும் இதேதான். நாலு பப், ஆளுக்கு எட்டு ருசி பீர், காரில் வெஸ்ட்ஃப்ளேட்டரன் மடத்துக்குக் கூட்டிப்போய் துறவிகள் பீர் காய்ச்சும் இடத்தை உள்ளே போய்ப் பார்ப்பது, திரும்பும்போது அந்த மடத்துப் பீரில் மஞ்சள் மூடி போட்ட பாட்டில் ஆறு. தலைக்கு 95.

“ஏனுங்ணா, தலைக்குத் தொண்ணூத்தஞ்சா? ஊருல ஒரு கெடாயே வாங்கிப்போடலாமுங்ணா” என்றான் தம்பி.

“அட வா தம்பி, இவ்வளவு தூரம் வந்துட்டுப் பாக்காம போறதா” என்றேன். இந்த வாயை என்ன செய்வது?

பெரிய சதுக்கத்தில் ஜிஞ்சர் சிலை பக்கத்தில் எங்கள் கைடு நின்றிருந்தார். ஐம்பது வயசிருக்கும், கம்பளித் தொப்பி, நல்ல சிரிப்பு. முதல் உலகப்போரில் இந்த ஊர் காப்பிக்கடையில் ராணுவத்தினருக்குப் பரிமாறிய செம்பட்டை முடிப் பெண்ணின் சிலை அது என்று ஆரம்பித்தார். நாங்கள் இந்தியா என்றதும் நின்றுவிட்டார். 1914-லேயே இந்தியச் சிப்பாய்கள் ஈப்பர் பக்கம் வந்து சண்டை போட்டார்கள், ஈப்பரில் போரில் செத்தவர்களுக்கான நினைவு வாயில் மெனின் கேட்டில் அவர்கள் பேரும் செதுக்கியிருக்கிறது, போய்ப் பாருங்கள் என்றார். வெள்ளிக்கிழமை ராத்திரி எட்டு மணி பியூகிளுக்கு அங்கே நின்றுவிட்டு வந்தவர்கள்தான் நாங்கள். நெஞ்சு இளகிவிட்டது.

அப்புறம் சட்டைப் பையிலிருந்து ஒரு காய்ந்த ஹாப் பூவை எடுத்தார். பச்சை மங்கிய, சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத கூம்பு. உள்ளங்கையில் வைத்துத் தேய்த்ததும் மஞ்சள் பொடி ஒட்டிக்கொண்டது. முகரச் சொன்னார். நாரத்தை இலையைக் கசக்கின மாதிரி ஒரு காட்டம். தம்பி கண்ணை மூடி முகர்ந்துகொண்டிருந்தபோதுதான், “அட்டெண்டன்ஸ் மாதிரி, இதை ஸ்கேன் பண்ணிடுங்க” என்று தன் போனை நீட்டினார். பண்ணினேன். அவ்வளவுதான் விஷயம். ஆனது அத்தனையும் அந்த ஒரு ஸ்கேனில்.

முதல் பப் நிஜமாகவே நன்றாக இருந்தது, பொய் சொல்லக் கூடாது. பழைய மர மேசை, ஒவ்வொரு பீருக்கும் அதனதன் பேர் போட்ட கிளாஸ். போப்பரிங்ஸ் ஹொம்மல்பீர் சொன்னார், 7.5 சதவீதம். ஹொம்மல் என்றால் இந்தப் பக்கத்துப் பேச்சில் ஹாப். பரிமாறிய அம்மா கிளாஸைச் சாய்த்து ஒரே சீராக ஊற்றி, கடைசி ஒரு விரல் வண்டலைப் பாட்டிலிலேயே நிறுத்தி, கிளாஸில் இருந்த பேர் எங்களைப் பார்க்கிற மாதிரி திருப்பி வைத்தார். கசப்பு நாக்கில் நிற்காமல் தொண்டைக்குப் பின்னால் போய் நிற்கிறது. அடுத்து வாட்டூ ஊர்க் கம்பெனி செயின்ட் பெர்னார்டஸின் ஆப்ட் 12 என்கிற பீர். 1946-லிருந்து 1992 வரை வெஸ்ட்ஃப்ளேட்டரன் மடத்துக்காரர்களின் உரிமம் வாங்கிக் காய்ச்சினவர்கள் இவர்கள் என்று அவர் சொன்னதும் உண்மைதான். 10 சதவீதம். கருப்பட்டிப் பாகு போல இறங்கியது. அவர் தனக்கென்று ஒரு பெரிய தட்டு இறைச்சியும் உருளைக்கிழங்கு வறுவலும் வாங்கிச் சாப்பிட்டார்.

“காரை எடுத்துட்டு வர்றேன், பத்து நிமிஷம்” என்று எழுந்தார். தொப்பியை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார், அதனால் சந்தேகமே வரவில்லை.

ஒரு மணி நேரம். போன் எடுக்கவில்லை. மெசேஜுக்கு இரண்டு நீல டிக், அப்புறம் ஒற்றை டிக்தான். பரிமாறிய அம்மா பில்லைக் கொண்டுவந்து வைத்தார், அவர் தின்ற தட்டும் சேர்த்து 47 யூரோ. “அவர் கொடுக்கலையா?” என்றேன். “நீங்கள் நண்பர்கள் என்றாரே” என்றார் அந்த அம்மா. கொடுத்தோம். இந்த 47-ஐ 190-இல் நான் சேர்க்கவே இல்லை. மடத்துக்குள்ளே போகிற டூர் என்றதும் அந்த அம்மாவுக்கே முகம் மாறிவிட்டது. சுற்றுலா வருகிறவர்களைத் துறவிகள் பீர் காய்ச்சுமிடத்துக்குள் விடுவதே கிடையாதாம். டவுன்ஹாலில் இருக்கும் சுற்றுலா அலுவலகத்திலும் அதையேதான் சொன்னார்கள், பரிதாபமாகப் பார்த்துக்கொண்டு.

அன்று ராத்திரி ஆப்பின் சாட்டில் உட்கார்ந்தேன். முதலில் ரோபோ. அப்புறம் ஒரு ஆள், பொறுமைக்கு நன்றி என்றார். அப்புறம் வேறு ஆள், முதலிலிருந்து கதையைக் கேட்டார். நான் தொடக்கத்தில் ஸ்கேன் பண்ணியது அட்டெண்டன்ஸ் இல்லையாம், “சேவை முழுதாகக் கிடைத்தது” என்று நான் கொடுத்த ஒப்புதலாம். பணம் அப்போதே அந்த ஆளுக்குப் போய்விட்டது. எனக்கு 15 யூரோ வவுச்சர், 90 நாளுக்குள் பெல்ஜியத்திலேயே செலவழிக்க வேண்டும். நான் வெள்ளிக்கிழமை ஊர் திரும்புகிறேன் என்றேன். பொறுமைக்கு நன்றி என்றார். பேங்குக்குப் போன் போட்டால், “ஓடிபி போட்டது நீங்கதானே சார்?”

நேற்று ஞாயிறு வீம்புக்கு வாடகைச் சைக்கிள் எடுத்து நாங்களே வெஸ்ட்ஃப்ளேட்டரன் போனோம். ஹாப் அறுவடை செப்டம்பரோடு முடிந்துவிட்டதால் வழியெல்லாம் மொட்டைக் கம்பங்கள், மேலே வெறும் கம்பி, கொடி பிடுங்கிய வெற்றிலைத் தோட்டம் மாதிரி. மடத்துக்கு எதிரே இருக்கும் இன் டி ஃப்ரேட காப்பிக்கடையில் யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து அந்த மஞ்சள் மூடி பீரை, பேரே 12 தான், குடிக்கலாம். குடித்தோம். 10.2 சதவீதம், அந்த வறட்டுக் கோபத்திலும் நன்றாகத்தான் இருந்தது. “இதுக்குப் போயி 190-ங்ளாண்ணா” என்றான் தம்பி. அவன் பங்கு 95-ஐ நான்தான் கொடுக்க வேண்டும், வேறென்ன.

என்ன செய்ய வேண்டும் என்று விவரமாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், பயிற்சிக்கு வேன் வந்துவிட்டது. எதையும் டூர் முடிகிறவரை ஸ்கேன் பண்ணாதீர்கள். மடத்துக்குள் கூட்டிப்போகிறேன் என்று எவன் சொன்னாலும் நம்பாதீர்கள். பாட்டில் வாங்கித் தருகிறேன் என்றாலும் அப்படித்தான். மடத்தின் சொந்த இணையத்தளத்தில் முன்பதிவு செய்து வாங்கலாம், வாங்கியதை மறுபடி விற்கக் கூடாது என்பது துறவிகள் வைத்த நிபந்தனை. எதிரே இருக்கும் அந்தக் கடையும் வாரம் முழுக்கத் திறந்திருக்காது, பார்த்துப் போங்கள். பப்பில் உட்காரும்போதே பில் யார் கணக்கு என்று கேட்டுவிடுங்கள்.

இப்போதுதான் ஆப்பிலிருந்து இன்னொரு மெயில். 190 யூரோ புகாரைத் திரும்பப் பரிசீலிக்க, கிடைக்காத சேவைக்கு ஆதாரமாகப் புகைப்படம் இணைக்க வேண்டுமாம். வராத காரை எந்தப் பக்கமிருந்து எடுப்பது? தொப்பியைத்தான் மேசைமேல் வைத்து எடுத்து அனுப்பியிருக்கிறேன்.