சிக்னலில் நிற்கும்போது பிரேக் பெடல் தானாக இறங்குகிறதா? பேட், பூஸ்டர் என்று காசைக் கொட்டாதீர்கள்

பழைய கார் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள். இரண்டு தடவையாக எட்டாயிரத்துச் சொச்சம் ரூபாய் ஏமாந்தேன். பணம் போனதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது, மனைவியும் மகளும் பின்சீட்டில் இருக்க, பெடல் தரைவரைக்கும் போனது. அதை நினைத்தால் இன்னும் கால் நடுங்குகிறது.

என்னுடையது 2004 மாருதி ஜென். முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக், அதைப் பிடிப்பது பேட். பின்சக்கரத்தில் டிரம் பிரேக், அதைப் பிடிப்பது ஷூ. சிக்னலில் பிரேக்கை மிதித்தபடி நின்றால், காலுக்கு அடியில் பெடல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே போகும். காலை எடுத்து மறுபடி மிதித்தால் மேலேயே நிற்கும். பிரேக் ஆயில் அளவு குறையவில்லை, சக்கரத்தின் உட்பக்கம் கசிவும் இல்லை. இதையெல்லாம் ஒன்றுவிடாமல் சேலத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் சொன்னேன். அங்கே இருந்தவர் பெடலில் காலே வைக்கவில்லை. "பேட், ஷூ ரெண்டும் போயிருச்சு சார், டிஸ்க்கையும் லேத்துல குடுத்து எடுக்கணும்" என்றார். பேட், ஷூ, டிஸ்க் வேலை, பிரேக் ஆயில் மாற்றம், லேபர் எல்லாம் சேர்த்து 4,250 ரூபாய்.

மறுநாள் காலையில் ஐந்து ரோடு சிக்னலில் நின்றேன். பெடல் பழையபடி இறங்கியது.

திரும்பப் போனால், "அப்ப பூஸ்டர்தான் சார்" என்று, நாம் மிதிக்கும் பலத்தைக் கூட்டித்தரும் அந்தப் பூஸ்டரைக் கழற்றி, ரீகண்டிஷன் செய்த ஒன்றை மாட்டி 3,800 வாங்கினார்கள். அதற்கும் குறையவில்லை. மூன்றாவது தடவை போனபோது, "இருபது வருஷ வண்டி சார், அப்படித்தான் இருக்கும். புடிக்குதுல்ல, ஓட்டுங்க" என்று அனுப்பிவிட்டார். நானும் நம்பி ஓட்டினேன், அதுதான் நான் செய்த பெரிய தப்பு.

ஏற்காட்டுச் சாலையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். பாதி இறங்கியிருப்போம். வளைவுக்கு முன்னால் லேசாக மிதித்தேன், பெடலில் எதிர்ப்பே இல்லை, அப்படியே கீழே போய்விட்டது. பதறி இரண்டு தடவை வேகமாக மிதித்ததில் பிடித்தது. செகண்ட் கியரில் போட்டு, கையை ஹேண்ட்பிரேக் மேலேயே வைத்தபடி ஓரங்கட்டினேன். மெல்ல மிதித்தால் நழுவும், வேகமாக மிதித்தால் பிடிக்கும். இந்தக் கோளாறின் குணமே அதுதான் என்று அப்போது எனக்குத் தெரியாது.

சொல்லிக்கொடுத்தது தெரிந்தவர் ஒருவர் காட்டிய வயதான மெக்கானிக். இன்ஜினை ஓடவிட்டு, பெடலை ஒரே அழுத்தமாக மிதித்து ஒரு நிமிஷம் அப்படியே வைத்திருந்தார். பெடல் இறங்கிக்கொண்டே போனது. "வெளிய எங்கயும் ஒழுகல, ஆயிலும் குறையல, ஆனா பெடல் இறங்குதுன்னா மாஸ்டர் சிலிண்டர் உள்ள வாஷர் தேஞ்சிருக்கு தம்பி. ஆயில் உள்ளுக்குள்ளயே பின்னால நழுவுது" என்றார். பெடலை மிதிக்கும்போது பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளுவது இந்த மாஸ்டர் சிலிண்டர்தான். நல்ல வண்டியிலும் பெடல் துளி அமுங்கும், ஆனால் ஓரிடத்தில் நின்றுவிடும். நிற்காமல் இறங்கினால்தான் சந்தேகப்பட வேண்டும்.

பூஸ்டர் போனால் பெடல் இறங்காது, கல் மாதிரி இறுகிவிடும். அதையும் அவரே செய்து காட்டினார். இன்ஜினை நிறுத்திவிட்டுப் பெடல் இறுகும்வரை நாலைந்து தடவை மிதிக்க வேண்டும். மிதித்த காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்தால் பெடல் கொஞ்சம் கீழே இறங்கிக்கொடுக்கும். கொடுத்தால் பூஸ்டர் வேலை செய்கிறது என்று அர்த்தம். என் வண்டியில் பெடல் ஒரு நாளும் இறுகியதே இல்லை. அப்புறம் எதற்குப் பூஸ்டரைக் கழற்றினார்கள்?

அடுத்து அவர் காட்டியதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். முன்சக்கரப் பிரேக்கில், லைனுக்குள் இருக்கும் காற்றையும் பழைய ஆயிலையும் வெளியே எடுக்கிற நிப்பிளைப் பார்க்கச் சொன்னார். அதன் ரப்பர் மூடி மேலே மண் அப்பிக் காய்ந்திருந்தது. மூடியை எடுத்தால் நிப்பிள் முழுக்கத் துரு, ஸ்பேனர் பட்ட ஒரு கீறல்கூட இல்லை. அதைத் திறக்காமல் பழைய ஆயிலை எப்படி வெளியே எடுத்திருக்க முடியும்? பிரேக் ஆயில் டப்பாவில் இருந்த ஆயில் காபி டிகாஷன் நிறத்தில் இருந்தது. பில்லில் "பிரேக் ஆயில் மாற்றம்" என்று எழுதிக் காசு வாங்கியிருக்கிறார்கள். பின் டிரம்மைக் கழற்றினால், பழைய ஷூவையே உப்புத்தாளால் தேய்த்து மாட்டியிருந்தார்கள். பேட் மட்டும்தான் புதுசு.

இந்த ஆயில் விஷயத்தை லேசாக எடுக்காதீர்கள். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். டாட் 3 என்ற ரக ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் 140 டிகிரி அளவிலேயே கொதிக்கத் தொடங்கலாம். மலையிறக்கத்தில் விடாமல் பிரேக் மிதித்தால் அந்தச் சூடு வரும். கொதித்தால் லைனுக்குள் ஆவி, அப்புறம் பெடலில் பிடிப்பே இருக்காது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை முழுசாக மாற்றச் சொல்லி, பக்கத்தில் நின்று பாருங்கள்.

மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றியதும் உள்ளே என் விரலை விட்டுத் தடவச் சொன்னார். சுவரில் பொடிப் பொடிக் குழிகள், விரல் நுனியில் கறுப்புச் சேறு. குழி விழுந்த சிலிண்டரில் வாஷர் கிட் மட்டும் போட்டால் சீக்கிரமே கிழிந்துவிடும் என்று முழு செட்டாக மாற்றினார். புது ஆயில் விட்டு நாலு சக்கரத்திலும் ஏர் எடுத்து, ஷூவையும் மாற்றி, மொத்தம் 3,600. பழைய சாமான் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கையில் கொடுத்தார்.

அந்த முதல் ஒர்க்‌ஷாப்பில் போய் என் பழைய பூஸ்டரைக் கேட்டேன். காயலான் கடைக்குப் போட்டாச்சாம். பணத்தைத் திருப்பித் தர முடியாது என்று சொல்லிவிட்டார். முதல் வேலைக்கு மட்டும் முத்திரை போட்ட பில் இருக்கிறது, பூஸ்டருக்கு வெறும் துண்டுச்சீட்டு. நிப்பிளையும் ஷூவையும் கழற்றுவதற்கு முன்பே போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டேன். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், நாம் கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. என்ன ஆனது என்று இங்கேயே எழுதுகிறேன்.