இன்டர்லாக் கல்லில் வளைவுக் கூரை: வெயிலுக்குச் சுகம், காதுக்கு இல்லை

மரக்காணம் பக்கம் மனை வாங்கிய நண்பர், எங்கள் வீட்டைப் போல வளைவுக் கூரை போடலாமா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். ஆரோவில் வீடுகளைச் சுற்றிப் பார்த்தவர்தான். மண்ணோடு 5 சதவீதம் சிமெண்ட் கலந்து மெஷினில் அழுத்திய கல், சுவரில் ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும் பள்ளமும் மேடும், இதெல்லாம் அவருக்கே அத்துப்படி. குடியிருந்தால்தான் தெரிகிற ஒன்று இருக்கிறது: சத்தம்.

எங்கள் ஹால் 12 அடி அகலம். 5 அடிச் சுவர் முடிந்ததும் அரைவட்டம் தொடங்கிவிடும். அரைவட்டத்தின் மையத்துக்குப் பக்கத்தில் எழும் சத்தம் வளைவில் பட்டு, மையத்தை ஒட்டியே திரும்பி வந்து குவியும். அந்த மையம் சரியாக நிற்பவர் காதுக்கு நேராக. மிக்ஸி ஓடினால் ஹாலில் யாரும் பேச முடியாது. அத்தை ஒரு மூலையில் போனில் கிசுகிசுப்பது நடு ஹாலில் தெளிவாகக் கேட்கும். அதனால் வந்த சண்டைகள் தனிக்கதை. மேஸ்திரியிடம் சொன்னால், "கோயில் மாதிரி கணீர்னு இருக்குல்ல சார்!" என்கிறார். தேங்காய் நார்ப் பாய், கனமான திரை, ஒரு பக்கச் சுவர் முழுக்கப் புத்தக அலமாரி என்று போட்ட பிறகு பாதி அடங்கியிருக்கிறது.

நியாயமாகப் பேசினால், மே மாதத்தில் இந்தக் கூரைக்கு ஈடில்லை. சூடு உச்சிக்கு ஏறி, வளைவின் முனையை அடைக்கும் சுவரின் உச்சியில் விட்ட ஓட்டை வழியாக வெளியேறிவிடும். வளைவில் கம்பியே கிடையாது. கல்லைக் கல் அழுத்தியே நிற்கிறது. கடலோரத்தில் இது பெரிய விஷயம். தெருவில் பல வீடுகளில் தளம் பெயர்ந்து துருக்கம்பி பல்லிளிக்கிறது. வளைவு சுவரை வெளியே தள்ளும் என்பதால் சுற்றி ஓடும் பீமில் மட்டும் கம்பி உண்டு. ஃபேன் மாட்டத்தான் நீளமான ராடு தேடி அலைய வேண்டியிருந்தது, அவ்வளவே.

இவ்வளவு சொல்லிவிட்டும் நண்பருக்கு என் பதில்: ஹாலுக்கு வேண்டாம். படுக்கையறைக்குத் தாராளமாகப் போடுங்கள். ஹாலுக்கும் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், சுவரை 8 அடிக்கு ஏற்றுங்கள், மையம் தலைக்கு மேலே போய்விடும். ஆனால் சுவர் உயர உயர அந்தத் தள்ளலுக்குச் சாயும் ஆபத்தும் கூடும். பீமைப் பற்றி என்ஜினீயரிடம் கேட்காமல் கொத்தனார் பேச்சை நம்பி இறங்காதீர்கள்.