ஹேலோ ஸ்னைப்பர்: நாலே நாலு குண்டு, ஆனா அடி செம

தென்னாப்பிரிக்கா டர்பன்ல சாட்ஸ்வர்த் பக்கம் எங்க வீட்டுல ஞாயித்துக்கிழமைனா தம்பியும் நானும் ஒரே டிவில ஸ்க்ரீன பாதியா பிரிச்சு 2001ல வந்த முதல் ஹேலோ வீடியோ கேம தான் இன்னும் ஆடுவோம், சண்டை எப்பவும் தூரத்துல இருந்து குறி வச்சு சுடுற அந்த ஸ்னைப்பர் துப்பாக்கிக்கு தான். மேகசின்ல நாலே நாலு குண்டு, நாலும் தீந்தா மாத்துற வரைக்கும் நீங்க சும்மா நிக்கிற கோழி. ஆனா ஒவ்வொரு குண்டும் 14.5 மில்லிமீட்டர், நம்ம நாட்டுல செய்யிற என்டிடபிள்யூ-20 துப்பாக்கிக்கும் அதே சைஸ்ல ஒரு வகை உண்டு, அத தெரிஞ்சதுல இருந்து எனக்கு ஒரு சொந்தக்கார பாசம்.

தலைல பட்டா ஷீல்டு, அதான் உடம்ப காக்குற கவசம், ஃபுல்லா இருந்தாலும் ஒரே அடி, உடம்புல பட்டா ரெண்டு வேணும். ஜூம் ரெண்டு லெவல், இருட்டுல பாக்குற நைட் விஷனும் ஸ்கோப்லயே இருக்கு. கடுப்பு என்னன்னா சுட்டதும் குண்டு போன வழில வெள்ளையா ஒரு புகைக்கோடு நிக்கும், தம்பி அத பிடிச்சு மேல பாத்து நான் ஒளிஞ்சிருக்குற பாறைய கண்டுபிடிச்சுருவான், அவன் பிஸ்டல்ல ஒரு குண்டு நம்ம மேல பட்டாலே ஜூம் பட்டுனு கழண்டுரும், அப்புறம் எங்க குறி வைக்கிறது.

அதனால சுட்டவுடனே இடத்த மாத்துங்க. ஒரு கைல பீன்ஸ் பன்னி சௌ (ரொட்டிய குடைஞ்சு உள்ள குழம்பு ஊத்துற எங்க ஊரு சாப்பாடு) வச்சிக்கிட்டு இத ஆடாதீங்க, கண்ட்ரோலர் ஸ்டிக்கு வழுக்கி மூணு குண்டு வானத்துக்கு போச்சு எனக்கு.

அஞ்சுக்கு நாலரை. அரை மார்க் அந்த புகைக்காக கட்.