தேக்கிலும் வேங்கையிலும் பிளக் கட்டர்: சில வருடம் பயன்படுத்தியதில் தெரிந்தவை

திருகாணித் தலையை மறைக்க மரத்தூளில் பசை குழைத்து அப்புவதுதான் பலருடைய வழக்கம். வார்னிஷ் அடித்ததும் அந்த இடம் மட்டும் தேமல் மாதிரி தனியாகத் தெரியும். கடையில் விற்கும் உருளைக் குச்சியை நறுக்கி அடைத்தாலும் அதே கதை. குச்சியின் வெட்டுமுகம் மேலே வருவதால் பாலிஷை நிறையக் குடித்துக் கறுத்துவிடும். வேலை செய்யும் மரத்தின் மீதித் துண்டிலேயே, பலகையின் முகப்பிலிருந்து, திருகாணிக் குழியை அடைக்கும் தக்கை வெட்டினால்தான் ரேகையோடு ரேகை சேரும். அப்படித் தக்கை வெட்ட டிரில்லில் மாட்டும் முனைதான் பிளக் கட்டர்.

என்னிடம் இரண்டு வகை இருக்கிறது. 6, 10, 13, 16 மி.மீ. நான்கும் சேர்ந்து வரும் மலிவான செட் ஒன்று, 10 மி.மீ.யில் சரிவாக வெட்டும் கட்டர் ஒன்று. மலிவு செட் நேரான உருளையாக வெட்டும். ரப்பர் மரத்தில் குறை சொல்ல முடியாது. தேக்கில்தான் பிரச்சினை. தேக்கில் சிலிக்கா உண்டு, அது எந்த முனையையும் சீக்கிரம் மழுக்கிவிடும். வைரம் பாய்ந்த வேங்கையில் இன்னும் மோசம்: புகை வரும், தக்கையின் பக்கங்கள் கருகும், சில சமயம் கட்டருக்குள்ளேயே ஒடிந்து மாட்டிக்கொள்ளும். பல்லின் தட்டையான முகத்தை வைர அரத்தால் லேசாகத் தேய்த்தால் கூர்மை திரும்புகிறது. வெளிச்சுற்றைத் தொடக்கூடாது.

சரிவு கட்டர் விலை அதிகம், ஆனால் கடின மரத்துக்கு அதுதான். தக்கையின் ஒரு முனை சற்றுக் குறுகலாக வரும். அந்த முனையை உள்ளே விட்டுத் தட்டினால் விளிம்பில் இடைவெளியே தெரியாமல் இறுகும்.

எந்தக் கட்டரானாலும் டிரில் பிரஸ் (தாங்கியில் நிலையாக நிற்கும் டிரில்) இல்லாமல் தொடாதீர்கள். நடுவில் குத்தி நிற்க முனை கிடையாது, கை டிரில்லில் வழுக்கிக்கொண்டு ஓடும். பலகையை கிளாம்ப் போட்டு, வேகத்தைக் குறைத்து, அடிக்கடி தூக்கித் தூளை வெளியேற்ற வேண்டும். அடிவரை வெட்டவும் வேண்டாம். 20 மி.மீ. பலகை என்றால் 12 மி.மீ. ஆழம் போதும். அப்புறம் மேலே மாஸ்கிங் டேப் ஒட்டி, பலகையைச் செங்குத்தாக நிறுத்தி பேண்ட் சாவில் (பட்டை ரம்ப இயந்திரம்) பிளந்தால் எல்லாத் தக்கையும் டேப்போடு வரிசையாக வந்துவிடும். திருப்புளியால் நெம்பியும் எடுக்கலாம். வேங்கையில் அது நடுவில் ஒடிய வாய்ப்பு அதிகம்.

தக்கை அடைக்கும் குழி, திருகாணித் தலைக்கு மேலே 6 முதல் 8 மி.மீ. ஆழம் இருந்தால் போதும். பசை கொஞ்சமாக, ரேகை ஒரே திசையில், மெதுவாகத் தட்ட வேண்டும். சத்தம் மாறினால் நிறுத்திவிடலாம். பசை காய்ந்ததும் பலரும் கெடுப்பது இங்கேதான்: ஒரே வெட்டில் மட்டமாக்க உளியைப் போடுவார்கள், தக்கை மட்டத்துக்குக் கீழே பிளந்துகொண்டு போகும். ரம்பத்தால் 1 மி.மீ. விட்டு அறுத்துவிட்டு, முதல் சீவலை மேலாக எடுத்துப் பாருங்கள். உளி கீழே இறங்கப் பார்த்தால் எதிர்ப்பக்கத்திலிருந்து சீவ வேண்டும்.

பின்னால் திருகாணியைக் கழற்ற வேண்டி வரும் என்றால் பசைக்குப் பதில் வார்னிஷில் தோய்த்து அடைக்கலாம். படகின் தேக்குத் தளத்தில் இப்படிச் செய்வதுண்டு.

மலிவு செட்டை இப்போது ரப்பர் மரத்தோடு நிறுத்திக்கொண்டேன். டிரில் பிரஸ் இல்லாதவர்கள் கட்டர் வாங்குவதை விட, மீதித் துண்டைக் கொண்டுபோய்ப் பக்கத்துப் பட்டறையில் வெட்டித் தரச் சொல்வது மேல். துண்டு மட்டும் உங்களுடையதாகவே இருக்கட்டும்; அவர்களிடம் கிடக்கும் தேக்கு உங்கள் தேக்கின் நிறத்தில் இருக்காது.